அக்கா இருக்கும் ஊரில் வாடகை அறை

கீவா, பஞ்சுக்காரர் மஹல்லா
12 பிப்ரவரி 1995

என் கண்ணான தங்கை அனாஜானுக்கு அக்கா யாகூத்ஜானின் சலாம். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் தரட்டும். இங்கே நான், உன் மச்சான் மத்கரீம், பிள்ளை, ஆடு மாடு எல்லாரும் சுகம். உன் மகன் ருஸ்தம் அந்தப் பனிக்காட்டு எரிவாயுக் கிணற்றிலிருந்து கடிதம் போடுகிறானா? தலைக்குத் தொப்பி போடச் சொல்.

போன வருஷம் கட்டியை எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று எழுதினாய். அதற்குப் பிறகு உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சுகமாக இருப்பவர்கள்தான் உடம்பைப் பற்றி எழுத மாட்டார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

சேதி என்னவென்றால், என் பிள்ளை ஜுமானியாஸுக்குப் பெண் அமைந்துவிட்டது. ஷாவாத்துப் பெண். பெயர் நஸீபா. தாயார் பீபிஜான் லேசுப்பட்டவள் இல்லை. முதல் நாள் வந்தபோது என் செருப்பைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். எப்படியோ ரொட்டி பிட்டு நிச்சயம் பண்ணியாயிற்று. பூசணிப் பழம் போன்ற பெரிய முலாம்பழமெல்லாம் பழுத்து வரும் ஆகஸ்டுக் கடைசியில் கல்யாணம். என் மாமனார் மவுத்தானபோது வருஷம் திரும்பட்டும் என்று காத்திருந்து, முதல் சம்பந்தம் கைநழுவிப் போனது உனக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து பிள்ளை கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். இப்போது கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சரிபண்ணுகிறான். நான் பார்க்காத மாதிரி போய்விடுகிறேன்.

நீ கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துவிடு. ஆப்ரிகாட் மரத்தைப் பார்த்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன். ரஷ்யாக்காரி தங்கச்சி வருகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று, என் பெயரைக் கெடுத்துவிடாதே.

உன்னை நெஞ்சோடு அணைக்கும்,
அக்கா யாகூத்


சரத்தோவ்
6 மார்ச் 1995

அன்புள்ள இந்திஸாருக்கு அனாஜான் எழுதுவது. நீயும் உன் வீடும் சுகமாக இருக்க வேண்டும். முட்டி வலி எப்படி இருக்கிறது?

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், உன்னிடம் சுற்றி வளைக்க மாட்டேன். கட்டி திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை கல்லீரலில். டாக்டரம்மா நல்லவள், பொய் சொல்லத் தெரியாதவள். "அடுத்த பனிய நீங்க பார்ப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா"ன்னு சொல்லிவிட்டு, அவளே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ருஸ்தமுக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போய் எத்தனையோ வருஷமாகிறது. என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் என்னை மண்ணில் வைக்க வேண்டாம். அப்பாவும் அம்மாவும் கோட்டைச் சுவரோரம் கிடக்கிறார்கள், அங்கே எனக்கு ஓரத்தில் ஓர் இடம் போதும்.

ஆனால் அக்கா வீட்டுக்குப் போக முடியாது. நம் தெரு வழக்கம் உனக்கே தெரியும். பிணம் தூக்கும் சந்தூக்கு எந்த வாசலைத் தாண்டுகிறதோ அந்த வாசலில் வருஷம் திரும்பும்வரை மேளம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் போனால் ஜுமானியாஸுக்கு இந்தச் சம்பந்தமும் போய்விடும். பின்னால் போனால் புதுப்பெண்ணின் கால் ராசி என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். அக்காவிடம் உண்மையைச் சொன்னால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னை மடியில் போட்டுக்கொள்வாள். அவள் அப்படிப்பட்டவள் என்பதுதான் என் கஷ்டம்.

அதனால் கோட்டைக்குள் எங்காவது வாடகைக்குத் தங்குகிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு நீயே அறை விடுகிறாயாமே. எந்தப் பக்கம் தங்கினால் தோது என்று நீ சொல்லு. இல்லை, வெட்கத்தை விட்டுக் கேட்டே விடுகிறேன். உன் வீட்டில் தங்கலாமா? தங்குவது என்றால் எதுவரைக்கும் என்று உனக்குப் புரியும். முடியாது என்றாலும் எனக்கு வருத்தமில்லை, யாரும் ஆசைப்பட்டு ஏற்கிற விருந்தாளி இல்லை நான்.

உன் தோழி,
அனாஜான்


சரத்தோவ்
6 மார்ச் 1995

மரியாதைக்குரிய அக்காவுக்கும் மச்சானுக்கும் சலாம். நான் சுகம். ருஸ்தமும் சுகம், தொப்பி போடுகிறான்.

ஜுமானியாஸ் சேதி படித்துச் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். ஆகஸ்டில் கட்டாயம் வருகிறேன். ஆனால் அக்கா, கோபப்படாமல் கேள். நான் கோட்டைக்குள் இந்திஸார் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கலாம் என்று இருக்கிறேன். கல்யாண வீட்டில் கூட்டமாக இருக்கும், எனக்கு இப்போதெல்லாம் சத்தம் ஆகவில்லை. உன் வீட்டில் கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளேயே பழகிவிட்டது. தப்பாக நினைக்காதே. பகலெல்லாம் உன்னோடுதான் இருப்பேன்.

அன்புள்ள தங்கை,
அனா


கீவா, உள்கோட்டை
9 ஏப்ரல் 1995

அடி அனாஜான், உன் கடிதம் வந்து பத்து நாளைக்கு மேலாகிறது. ஒவ்வொரு நாளும் தாளை எடுத்து வைப்பேன், பேனாவைக் கையில் எடுத்தால் கண் மறைக்கும். சுகமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் முட்டி வலிக்கிறது, அது கிடக்கட்டும்.

எந்தப் பக்கம் தங்கலாம் என்று கேட்டாய், முறையாகவே பதில் சொல்கிறேன். மேற்கு வாசல் பக்கம் வேண்டாம். பஸ் வந்து நின்றால் ஜனங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். ஒருத்தி என் உள்பாவாடைக் கொடியைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். ஜும்மா மசூதிக்குப் பின்னால் நிழல் உண்டு, ஆனால் சந்து குறுகல். போன வருஷம் அங்கே இறந்துபோன ஒருத்தரின் மய்யித்தைத் தெருமுனைவரை வெறும் கையில்தான் தூக்கி வந்தார்கள், சந்தூக்கு திரும்பவில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் பார், நான் என்ன மனுஷி. என் வீடு கிழக்கே. அடுத்த வீட்டுக்காரர்கள் நல்ல மாதிரி, கூப்பிட்டால் வருவார்கள். காலையில் வெயில் அறைக்குள் வந்துவிட்டுச் சீக்கிரம் போய்விடும்.

எனக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. என் வாசலில் மேளம் கொட்டப் போவதில்லை. வருஷம் முழுக்க மேளம் இல்லாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? வா. உனக்கு அந்தப் பெரிய அறைதான். வாடகைப் பேச்செடுத்தால் நிச்சயம் சண்டை வரும்.

ஆனால் ஒன்று. நீ பண்ணுவது அநியாயம். யாகூத் அக்கா உன்னைத் தூக்கி வளர்த்தவள். கக்கூஸ் சரியில்லை என்று அவளுக்கு எழுதியிருக்கிறாயாமே, உலகத்தில் வேறு சாக்கே கிடைக்கவில்லையா உனக்கு? நேற்றுக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். நான் ஏதோ உன்னை மயக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாள். சொல்லிவிடு அவளிடம். நீ சொல்லாதே என்று சொன்னதால் மட்டும்தான் என் வாய் மூடியிருக்கிறது.

உன் இந்திஸார்


கீவா, பஞ்சுக்காரர் மஹல்லா
2 மே 1995

அனாஜானுக்கு, சலாம். நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

உன் கடிதத்தை மச்சானிடம் படித்துக் காட்டவில்லை. அடுப்புப் பக்கத்தில் செருகி வைத்தேன், எடுத்தேன், மறுபடி செருகினேன். அக்கா வீடு இருக்கும்போது வாடகை வீடா? ஊரில் சண்டை போட்டுக்கொண்ட கூடப்பிறந்தவர்கள்கூடக் கல்யாணத்துக்கு வந்தால் அந்த வீட்டில்தான் படுப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டாவது படுப்பார்கள். நீ கக்கூஸைக் காரணம் காட்டுகிறாய். அம்மா வீட்டில் இதே மாதிரிக் கக்கூஸுக்கு இருட்டில் போகப் பயந்து, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. "அக்கா போயிடாதே, அக்கா இருக்கியா"ன்னு உள்ளேயிருந்து கத்துவாய். குளிரில் வெளியே நின்று, "இருக்கேன்டி, இருக்கேன்டி"ன்னு பல் கிட்டிக்க நான் பதில் சொல்லுவேன்.

மனசு தாங்காமல் பக்கத்து வீட்டு ஸபர்குலிடம் மட்டும் சொன்னேன், தெருவெல்லாம் பரப்பிவிட்டு இப்போது குழாயடியில் அவளே கேட்கிறாள், "உங்க தங்கச்சிக்கு உங்க வீடு வாடை அடிக்குதாமே?" நான் என்ன சொல்ல? "அவளுக்குச் சத்தம் ஆகாது"ன்னு நீ சொன்னதையே சொன்னேன். "சத்தம் ஆகாதவங்க கல்யாணத்துக்கு எதுக்கு வர்றாங்க?"ன்னா அவ. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

உனக்கு என்ன குறை வைத்தேன் என்று மட்டும் சொல். நான் திருத்திக்கொள்கிறேன்.

யாகூத்


சரத்தோவ்
25 மே 1995

அன்பு அக்காவுக்கு, எல்லாருக்கும் என் சலாம். உன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான். ராத்திரியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, எழுந்து நடப்பேன், உங்கள் எல்லாருக்கும் தொந்தரவு. வயதாகிவிட்டதல்லவா. இந்திஸார் வீட்டில் யாரும் இல்லை, அதனால் பரவாயில்லை. இதைப் பெரிதுபண்ணாதே அக்கா. கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து எல்லாம் பேசலாம்.

அனா


கீவா, பஞ்சுக்காரர் மஹல்லா
3 ஜூலை 1995

அனாஜான்,

சலாம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

நீ எழுதின பிறகு உன் மச்சானை ஒரு வழி பண்ணிவிட்டேன். தாழ்வாரத்தை இடித்து, ஆப்ரிகாட் அறைக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் கட்டியாயிற்று. வெள்ளை ஓடு பதித்தது. திருகினால் தண்ணீர் வருகிறது. பஞ்சுக்காரர் மஹல்லாவில் வீட்டுக்குள் கக்கூஸ் உள்ள முதல் வீடு நம்முடையது. "இதுக்குள்ள நாத்தம் வராதா?"ன்னு பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வந்து எட்டிப் பார்த்தார்கள். உனக்கு எழுதி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பீபிஜான் வந்தாள், திரைச்சீலைக்கு அளவெடுக்க. அறையைப் பார்த்து, "இது யாருக்கு, பொண்ணு மாப்பிள்ளைக்கா?"ன்னு கேட்டாள். "என் தங்கச்சிக்கு. சரத்தோவுலேர்ந்து வர்றா"ன்னேன் பெருமையாக. பக்கத்தில் ஸபர்குல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாமா? "அவங்க இங்கயா தங்கறாங்க? கோட்டைக்குள்ள வாடகைக்கில்ல ரூம் எடுத்திருக்காங்க?"ன்னு சொல்லிவிட்டாள்.

பீபிஜான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏன், இந்த வீட்ல தங்கினா என்ன?" நான் சத்தம், தூக்கம் என்று ஏதேதோ உளறினேன். அவள் அளவுக் கயிற்றைச் சுருட்டினாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள், "கூடப்பொறந்தவளே ஒரு ராத்திரி படுக்க மாட்டேன்னு சொல்ற வீடு. உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத்தானே தெரியும். எம்பொண்ணு காலம் பூரா இங்க படுக்கணுமே."

முந்தாநாள் நிச்சயத் துணி மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. ஜுமானியாஸ் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வயலுக்குப் போனான்.

உனக்குச் சந்தோஷம்தானே. நீ எந்த மஹல்லாவில் வேண்டுமானாலும் தங்கிக்கொள். என் தெருவுக்குள் மட்டும் வராதே. இனி எழுதாதே.

யாகூத்ஜான்


சரத்தோவ்
21 ஜூலை 1995

ஷாவாத்திலிருக்கும் மதிப்புக்குரிய பீபிஜான் அம்மாவுக்கு, முன்பின் பார்த்திராத அனாஜானின் சலாம். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும், நஸீபா நீடூழி வாழ வேண்டும்.

உங்கள் மகளுக்கு நிச்சயம் பண்ணி முறிந்த ஜுமானியாஸின் சித்தி நான். என் அக்கா வீட்டில் நான் ஏன் தங்கவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பெண்ணைப் பெற்ற எவளும் கேட்பாள். அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவளுக்கே தெரியாது. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

எனக்குப் புற்றுநோய். மிஞ்சிப்போனால் இந்த இலையுதிர் காலம்வரை இருப்பேன். ஊரில் கண்மூட வேண்டும் என்று வருகிறேன். அக்கா வீட்டில் படுத்தால் என் சந்தூக்கு அந்த வாசலைத் தாண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தாண்டினால் கல்யாணம் நிற்கும். பின்னால் தாண்டினால், "வந்தா, ஒரு மய்யித்து போச்சு"ன்னு உங்கள் நஸீபாவைத்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சை ஒரு பெண் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும். அது வேண்டாம் என்றுதான் வேறு மஹல்லாவில் அறை எடுத்தேன். கடைசியில் நான் காப்பாற்ற நினைத்ததை நானே உடைத்துவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அந்த வீட்டில் ஒரு குறையும் கிடையாது அம்மா. என்னை வளர்த்த கை அது. உங்கள் மகளையும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள், சிடுசிடுப்பாள், ஆனால் சூடு தணிவதற்குள் ரொட்டியை நீட்டுவாள்.

துணி மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் இப்போது எதுவும் சொல்லாதீர்கள். கல்யாணம் முடிந்ததும் சொல்லுங்கள், தயவுசெய்து உடனே சொல்லுங்கள். எனக்கு அவளைப் பார்க்கணும். அவள் முகத்தைப் பார்க்காமல் போவேனோ என்பதுதான் இப்போது என் ஒரே பயம்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
அனாஜான்


ஷாவாத்
8 ஆகஸ்ட் 1995

அனாஜான் சகோதரிக்கு பீபிஜானின் சலாம். அல்லாஹ் உங்கள் வலியைக் குறைக்கட்டும்.

நான் அதிகம் எழுதத் தெரியாதவள். கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே கீவாவுக்குப் பஸ் ஏறினேன். உங்கள் அக்காவிடம், "நான் அவசரப்பட்டுட்டேன் சம்பந்தி, மன்னிச்சுக்குங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து ரொட்டி சுட்டார். நிச்சயத் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொன்ன தேதியிலேயே, இருபத்தாறாம் தேதி கல்யாணம். கல்யாணம் முடியும்வரை என் வாய்க்குப் பூட்டு. முடிந்ததும் நானே யாகூத்ஜான் கையைப் பிடித்து உங்களிடம் கூட்டி வருவேன்.

என் மகளின் பெயர் கெடக்கூடாது என்று நீங்கள் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

பீபிஜான்


கீவா, பஞ்சுக்காரர் மஹல்லா
21 ஆகஸ்ட் 1995

அனாஜான் அவர்களுக்கு,

சலாம். கோட்டைக்குள் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். பிரயாணம் சுகமாக இருந்திருக்கும்.

எங்கள் மகன் ஜுமானியாஸின் கல்யாணம் சனிக்கிழமை. வருகை தந்து வாழ்த்தும்படி அழைக்கிறோம். அன்னியருக்கும் ஓலை அனுப்புவது எங்கள் வழக்கம், அதனால் இதை எழுதிப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் நடந்தால் ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம்தான். எனக்கு வர மனசில்லை.

மத்கரீம், யாகூத்ஜான்


கீவா, உள்கோட்டை
24 ஆகஸ்ட் 1995

அக்கா,

உன் உடம்பு சுகமா? கல்யாண வேலையில் சாப்பிட மறந்துவிடுவாய், மச்சானிடம் சொல்லி வை.

அழைப்பு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வந்தால் உனக்கு எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றுவிடும். நான் வர முடியாது அக்கா. ரயிலிலிருந்து இறங்கும்போது கால் சுளுக்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். இதற்கும் என்னைத் திட்டுவாய், திட்டு. இங்கேயிருந்து மேளச் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று இந்திஸார் சொல்கிறாள். லஸ்கி ஆட்டம் தொடங்கும்போது என்னையும் நினைத்துக்கொள். நீ ஆடினால் கைவிரல்வரைக்கும் ஆடும், அதை இந்தத் தடவை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

நீ நன்றாக ஆடு. எல்லாம் முடிந்த பிறகு வா. திட்டுவதற்காகவாவது வா, நான் எங்கேயும் போகமாட்டேன்.

உன் அனா


கீவா, பஞ்சுக்காரர் மஹல்லா
5 நவம்பர் 1995

என் மகன் ருஸ்தமுக்குப் பெரியம்மா யாகூத்ஜானின் சலாம். அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், உன் நெஞ்சுக்கு ஆறுதல் தரட்டும். குளிர் தொடங்கியிருக்கும். சாப்பிடு. அழுகிறபோது வெறும் வயிற்றில் அழாதே.

அம்மா எப்படிப் போனாள் என்று கேட்டாய். மூடுபனியில் விமானம் இல்லாமல் நீ அங்கே தவித்தது எனக்குத் தெரியும், அதற்காக உன்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன். மறைத்து மறைத்துத்தான் இந்த வீடு இப்படி ஆனது, இனி என்னால் முடியாது.

சனிக்கிழமை கல்யாணம். விடிகிறவரை மேளம். நான் ஆடினேன். உன் அம்மா எழுதிய கடிதம் மடியிலிருந்தது, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி வீம்புக்கு ஆடினேன். கோட்டைக்குள் அவள் விழித்தே கிடந்திருக்கிறாள். மேளம் நின்றதும் இந்திஸாரைக் கூப்பிட்டாளாம். "நின்னுடுச்சு. கல்யாணம் முடிஞ்சுது. இப்ப பீபிஜான் சொல்லியிருப்பாங்க, அக்கா வந்துக்கிட்டிருப்பா. எனக்குத் தலை வாரி விடு"ன்னு சொன்னாளாம். தலையில் முடி ஏது, பாவி. இந்திஸார் முக்காட்டைச் சரிபண்ணி, தலையணை வைத்து வாசலைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள்.

சம்பந்தியைக் குற்றம் சொல்ல முடியாது. உன் அம்மா இத்தனை வருஷம் ரஷ்யாவில் இருந்தவள். மேளம் நின்றால் கல்யாணம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். எங்களுக்கு மறுநாள் பெண்ணின் முகத்திரை விலக்கும் சடங்கு முடிந்தால்தான் கல்யாணம் முடிந்த கணக்கு. வாக்குக் கொடுத்தவள் வாக்கைக் காப்பாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து, "விடுங்க சம்பந்தி, இங்க என்ன காட்டுக்கா அனுப்பிட்டீங்க?"ன்னு நான் கேலி வேறு செய்தேன். திரையை விலக்கி, கடைசி விருந்தாளி சலாம் சொல்லிப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "செருப்பப் போடுங்க. ஓடணும்"ன்னா.

வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கிழக்கு வாசலில் செருப்பு அறுந்துவிட்டது, விட்டுவிட்டு ஓடினேன். இந்திஸார் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும், "மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாக்கா"ன்னு சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முகம் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. உடம்பில் சூடுகூட முழுசாகப் போகவில்லை. உள்ளே போனவள், "இருக்கேன்டி, இருக்கேன்டி"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

அந்தத் தெரு ஜனங்கள் சந்தூக்கைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இங்கிருந்தே எடுத்துவிடலாம், அவ ஆசை அதுதானே என்று இந்திஸார் சொன்னாள். எனக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது. எல்லாருக்கும் அவள் ஆசை தெரிந்திருக்கிறது, கூடப்பிறந்த எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. என் தங்கச்சி என் வீட்டிலிருந்துதான் போவாள் என்றேன். அப்புறம்தான் வீட்டில் நேற்று வந்த மருமகள் இருப்பது நினைவுக்கு வந்தது. பீபிஜான் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு இருப்பது ஒரே பெண். அவள் தலைகுனிந்து நின்றாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நஸீபாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். அந்தப் பெண் பதில் சொல்லி அனுப்பவில்லை. தானே நடந்து வந்தாள். சிவப்பு உடையைக் கழற்றிவிட்டு, வேலைக்குப் போடும் பழைய உடுப்பில், வெள்ளை முக்காட்டோடு. "எங்கால் ராசின்னு பேசினா பேசட்டும் அத்தை. சித்திய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்"ன்னு சொன்னாள். முகத்திரை விலக்கிப் பாதி நாள்கூட ஆகவில்லை அவளுக்கு.

பஞ்சுக்காரர் மஹல்லா ஆண்களெல்லாம் துக்க வழக்கப்படி இடுப்பில் துண்டு கட்டி வந்தார்கள். உன் அம்மாவைத் தோள் மாற்றித் தோள் மாற்றி எங்கள் தெருவுக்குக் கொண்டு வந்து, நானும் நஸீபாவும் குளிப்பாட்டினோம். எத்தனை லேசாக இருந்தாள் தெரியுமா. என் வாசல் வழியாகத்தான் எடுத்தோம். முதல் தோள் ஜுமானியாஸ். சுவரோரத்தில், உன் பாட்டன் காலடியில் வைத்தோம். இனி வருஷம் திரும்பும்வரை என் வாசலில் மேளம் இல்லை. தெருவில் பேசத்தான் செய்கிறார்கள். ஸபர்குல் ஒருநாள் குழாயடியில் மருமகளைப் பார்த்து ஏதோ முனகினாள், நான் குடத்தைக் கீழே வைத்தேன், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எனக்குத் தாங்காமல் இருப்பது ஒன்றுதான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அவள் கடைசிக் காலமெல்லாம் என்னோடு இருந்திருப்பாள். கல்யாணத்தைத் தள்ளிவைத்திருப்பேன், அது நின்றே போயிருந்தாலும் என் பிள்ளை என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டான். அவனிடமே கேட்டேன். "போனா போகுதுன்னு விட்டிருப்பேம்மா"ன்னு அழுதான். நம் யாரையும் கேட்காமல் அவளே முடிவு பண்ணிவிட்டாள். நாங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள், சரி. அவள் இல்லாமல் எப்படி நன்றாக இருப்பது என்று நினைத்தாளா?

வசந்தத்தில் அம்மாவைப் பார்க்க வருகிறேன், எந்தப் பக்கம் அறை எடுத்தால் கபர்ஸ்தானுக்குக் கிட்டே இருக்கும், உங்களுக்குத் தொந்தரவு தர விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். உன் மீது கோபமில்லை. நீ அவள் வயிற்றில் பிறந்தவன், வேறு எப்படி எழுதுவாய்.

ஆனால் ருஸ்தம், அந்தக் கேள்வியை இன்னொரு தரம் என்னிடம் கேட்காதே. நோயோடு வந்தாலும், கடனோடு வந்தாலும், கொலையே பண்ணிவிட்டு வந்தாலும், நேராக இங்கே வா.

உன் பெரியம்மா,
யாகூத்ஜான்